வண்ணான் தெருவும் மணியின் கயிறும்

மணிக்கு ஐந்து மாதம். மண் நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று இன்னும் முடிவெடுக்காமல் மடிந்து கிடக்கும். செலிகி ரோட்டில் இருக்கும் எங்கள் வீவக வீட்டிலிருந்து டோபி காட் வரைக்கும், விடிவதற்கு முன்பே இருவரும் ஒரு நடை போய் வருவோம். அவன் முன்னால், நான் பின்னால், நடுவில் ஒன்றரை மீட்டர் சிவப்புக் கயிறு.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தினமும் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, எந்நேரமும் கட்டியே கூட்டிட்டுப் போறியே, ஒரு நாளாவது அவுத்து விட்டியா?"

"சட்டம் விடாதுங்க ஐயா. பொது இடத்துல அவுத்து விட்டா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்."

"சட்டம் கெடக்கட்டும். உனக்கு மனசு விடுதா?"

விடவில்லை. அதுதான் உண்மை. வேலி போட்ட நாய்ப் பூங்காக்கள் ஊரில் இருக்கின்றன. அங்கே அவிழ்த்து விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் மூன்று வாரமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் செய்ததெல்லாம் நாயையும் கயிற்றையும் பற்றிப் படித்ததுதான். பயந்தவர்களுக்குப் புத்தகம் நல்ல ஒளிவிடம்.

நாங்கள் நடக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஓர் ஓடை ஓடியது. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்து, இன்று ஒய்எம்சிஏ நிற்கும் பக்கத்துத் திறந்தவெளியில் உலர்த்தினார்கள். இந்தியில் தோபி என்றால் சலவைக்காரர், காட் என்றால் படித்துறை. தமிழர்கள் அப்போது இந்த இடத்தை வண்ணான் தெரு என்று அழைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் போய்விட்டது. இந்திப் பெயர் தமிழ் எழுத்தில் எம்ஆர்டி பலகையில் நிற்கிறது. ஓடை ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகிப் பெரும்பகுதி தரைக்கு அடியில் போய்விட்டது. 1987 டிசம்பரில் திறந்த நிலையத்தில் இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. மணி அதற்குள் வர முடியாது. வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களுக்கு ரயிலில் இடமில்லை.

இதை அலுவலகத்தில் சொன்னபோது லக்னோக்காரத் தோழி சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல ஒரு பழமொழியே இருக்கு. தோபியோட நாய் வீட்டுக்கும் ஆகாது, படித்துறைக்கும் ஆகாது." எங்கேயும் சேராதவனைச் சொல்லும் ஏளனம் அது. அது உண்மையில் நாயே இல்லை, துணி அடிக்கும் கட்டை, சொல் திரிந்துவிட்டது என்று வாதிடுகிறவர்களும் உண்டாம். எனக்கு நாயே இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த நாயைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து துறைக்கு, மாலையில் துறையிலிருந்து வீட்டுக்கு. சலவைக்காரரின் தலையில் மூட்டை, கையில் இன்னொரு மூட்டை. கயிறு பிடிக்க ஏது கை? நாய் தானாகத்தான் கூட வந்திருக்க வேண்டும். ஏளனம் செய்தவர்கள் அதற்கு இடமில்லை என்பதை மட்டும் பார்த்தார்கள். கட்டாமலே கூட வந்ததைப் பார்க்கவில்லை.

கட்டப்பட்ட நாய் தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 74ஆம் பாட்டு, சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் இருக்கிறது. தண்ணீர் கேட்டான், காவலர்கள் தாமதித்துக் கொடுத்தார்கள், குடிக்காமலே உயிர்விட்டான் என்பது அதன் கதை. தன் நிலையைச் சொல்ல ஓர் அரசன் தேடி எடுத்த உவமை, சங்கிலியில் கட்டுண்ட நாய். நாய்க்கு அவன் சொல்லும் பெயர் ஞமலி. பள்ளியில் இதை மானத்தின் பாட்டாகப் படித்தோம். கையில் கயிற்றோடு படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. கட்டுண்ட நாயின் துயரம் கேட்பவருக்கு உடனே விளங்கும் என்று அந்த அரசனுக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டாத நாயும் நம்மிடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எழுப்பியது. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது. எத்தனை மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை?

அப்படிப் பெயரோடு இருந்த நாயைப் பெயரில்லாத கூட்டமாகப் பார்க்கத் தொடங்கியது காலனியக் காலம். பறையர் என்ற நம் மக்கள் பெயரை ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்ட எவருக்கும் பொதுவான சொல்லாக்கினார்கள். பிறகு அதையே தெருநாய்க்கும் வைத்தார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'பரையா' நாய் இடம்பெறும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. ஒரு சமூகத்தின் பெயரை நாயின் கழுத்தில் கட்டி, உலகம் முழுவதும் நடத்திக் கூட்டிப்போனார்கள். மலாய் மொழிக்குள்ளும் அது வசைச்சொல்லாக நுழைந்தது. 'இன்டர்லோக்' நாவல் மலேசியப் பள்ளிகளில் பாடநூலானபோது இந்தச் சொல்லுக்காகத் தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். 2011இல் நூல் திரும்பப் பெறப்பட்டது.

சொல்லுக்குப் பின்னால் தடியும் வந்தது. 1832 ஜூனில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆள் அனுப்பியபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து ஊசி போடுங்கள் என்று பல ஆண்டுகள் மன்றாடி, 1996இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. வாதம் இன்னும் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு வாரத்துக்குள் அதைத் திருத்தி, ஊசி போட்டவற்றை விட்டுவிடச் சொன்னது. நாயை விடுவதா கட்டுவதா என்பதில் நீதிபதிகளுக்கே மனம் இப்படி ஊசலாடுகிறது. எனக்கு ஆடாதா?

ஆனால் பயந்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட மரணம்தான். இந்தியாவில் அது ஏழைக் குழந்தைகளைத்தான் அதிகம் தின்கிறது. சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத ஊர். நான் இங்கே அச்சமில்லாமல் மணியைக் கொஞ்ச முடிவது அந்தக் கண்டிப்பின் பலன். உரிமமும் கயிறும் எரிச்சலூட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கண்டிப்புக்கு வேறொரு விலையும் இருந்தது. கம்பத்து வாசல்களில் கட்டின்றித் திரிந்த நாய்களுக்கு, 1960க்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகளில் இடமில்லை. வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதித்த 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மணியின் சாதி அந்தப் பட்டியலில் கிடையாது. 2012இல் வந்த 'அடோர்' திட்டம்தான் கலப்பின நாய்களுக்கு முதன்முதலாகக் கதவைத் திறந்தது. முதலில் 15 கிலோ, 50 செ.மீ. என்று வரம்பு. 2020இல் எடைக் கணக்கை நீக்கி உயரத்தை 55 செ.மீ. ஆக்கினார்கள். எங்கள் சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் அளந்துவிட்டு, இன்னும் இடமிருக்கிறது என்று பெருமூச்சு விடுகிறேன்.

இங்கே இந்த நாய்களுக்கு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று பெயர். கேலியாகத் தொடங்கியதோ செல்லமாகத் தொடங்கியதோ, கேட்க இதமாக இருக்கிறது. யாருடைய பெயரையும் இழிவுசெய்யாமல் ஒரு நாயை அழைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

போன சனிக்கிழமை வாடகைக் காரில் பீஷான் பூங்காவுக்குப் போனோம். வேலிக்குள் நுழைந்து, இரட்டைக் கதவைச் சாத்திவிட்டு, கொக்கியில் கை வைத்தேன். விரல் நடுங்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம். மணி நகரவே இல்லை. கயிறு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அதே ஒன்றரை மீட்டருக்குள் நின்றான்.

பிறகு ஒரு புறா பறந்தது. அவன் போய்விட்டான்.

"மணி! மணி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, இன்னும் வேகமெடுத்தான். வேலியோரம் நின்ற சீன மூதாட்டி கையை வீசி எதிர்த்திசையைக் காட்டினார். அவன் பக்கம் ஓடாதே, அந்தப் பக்கம் ஓடு. நெஞ்சு ஒப்பவில்லை. இருந்தாலும் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி நாலு எட்டு ஓடினேன்.

பின்னால் புல்லில் சின்னச் சத்தம் கேட்டது. குனிந்து பார்ப்பதற்குள் காலில் வந்து மோதினான். நாக்கு தொங்க, இரண்டு காதுகளும் நிமிர்ந்திருந்தன.

வீடு திரும்பியபோது பெரியவர் அதே இடத்தில் இருந்தார். "என்னம்மா, அவுத்து விட்டியா?"

"விட்டேன் ஐயா."

"வந்துச்சா?"

"வந்துட்டான்."

"அவ்வளவுதான்" என்றார். மணி கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அவர் செருப்பை முகர்ந்தான்.