கடலடியிலிருந்து மீட்ட உண்மை



1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நோக்கிப் பறந்த காமெட் விமானம், உலகில் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கிவைத்தது. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் அதை உருவாக்கியிருந்தது. அதன் வேகத்தைக் கண்டு உலகம் வியந்தது.

1954 ஜனவரி 10 அன்று, ரோமிலிருந்து புறப்பட்ட காமெட் ஒன்று எல்பா தீவருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். காமெட் சேவை நிறுத்தப்பட்டது. காரணம் தெரியாத நிலையிலேயே, ஐயத்துக்குரிய பாகங்களை மாற்றிவிட்டு மார்ச் 23 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. அதில் 21 பேர் மாண்டனர்.

இப்போது பறக்கும் தகுதிச் சான்றிதழே திரும்பப் பெறப்பட்டது. எல்பா அருகே கடலடியில் கிடந்த சிதைவுகளைப் பிரிட்டிஷ் கடற்படை மீட்டது. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில், ஆர்னால்ட் ஹால் தலைமையில் அவற்றை ஆராய்ந்தனர். மற்றொரு காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய தொட்டியில் நிறுத்தி, ஒவ்வொரு பயணத்திலும் அது தாங்கும் அழுத்தத்தை நீரைக்கொண்டு மீண்டும் மீண்டும் உண்டாக்கினர். சுமார் 3,000 பயணங்களுக்கு ஈடான சுமையில், ஒரு திறப்பின் மூலையில் தொடங்கிய விரிசலால் அது பிளந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்த உலோகக் களைப்பே காரணம் என்று வெளிப்பட்டது.

பொது விசாரணையில் அந்தக் குறை உலகறியச் சொல்லப்பட்டது. திருத்தி வடிவமைத்த காமெட் 4, 1958 அக்டோபர் 4 அன்று பயணிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. எனினும் இழந்த முதலிடம் காமெட்டுக்குத் திரும்பவில்லை; சந்தை அமெரிக்காவின் போயிங் 707 வசமாயிற்று. ஆனால் அந்தப் பாடம் பின்வந்த விமானங்களைக் காத்தது. மக்களும் அச்சம் நீங்கி ஜெட் விமானங்களில் ஏறினார்கள்.

பிரியமானவர்களே, குடும்பத்திலும் சபையிலும் நம்பிக்கை முறியும்போது நாம் எதைச் செய்கிறோம்? "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்று சொல்லி, விரிசலைத் தேடாமலே மறுபடியும் பறக்கப் பார்க்கிறோம். சகேயுவோ தன்னை நம்பும்படி ஒருவரையும் கேட்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கர்த்தருக்கு முன்பாக நின்று அறிக்கையிட்டான் (லூக்கா 19). உண்மையைச் சொன்னதால் நாம் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்பதில்லை. ஆயினும் நமக்குப் பின்வருகிறவர்கள் அதே விரிசலில் விழாதபடி அது காக்கும்.

இந்த வாரம், நீங்கள் இன்னும் ஆராயாமல் விட்டிருக்கும் விரிசல் எது? அதைத் தேவனுடைய வெளிச்சத்தில் கொண்டுவந்து வையுங்கள். கர்த்தர்தாமே உங்களுக்குத் துணைநிற்பாராக. ஆமென்.