நேரோட்ட மின்சிகிச்சை

நேரோட்ட மின்சிகிச்சை என்பது திசை மாறாமல் ஒரே பக்கமாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தோலின் வழியே செலுத்தும் மருத்துவ முறை. தோலடியில் மருந்தை ஏற்றவும், உள்ளங்கை உள்ளங்கால்களில் மிகையாகச் சுரக்கும் வியர்வையைக் குறைக்கவும், நரம்புத் தொடர்பை இழந்த தசையைச் சுருங்கச் செய்யவும் இது பயன்படுகிறது. வலி தணிக்கக் கடைகளில் விற்கப்படும் டென்ஸ் கருவி இந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் துடிப்புகள் பெரும்பாலும் இரு திசைகளிலும் மாறி மாறிச் செல்வதால் தோலில் இரசாயனம் தேங்குவதில்லை. நேரோட்டத்தில் தேங்கும். நேரோட்டக் கருவியால் வரும் தீக்காயங்களுக்கு அதுவே முதற் காரணம்.

இலங்கையின் ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே உள்ள கனகராயன்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில் இச்சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது போரை விட்டுவிட முடியாது. 2009 மே மாதத்தில் முடிந்த போர், அறுந்த நரம்புகளையும் உடலுக்குள் தங்கிய எறிகணைத் (செல்) துண்டுகளையும் விட்டுச்சென்றது. முன்னது இச்சிகிச்சையைத் தேடவைப்பது. பின்னது இச்சிகிச்சையைத் தடுப்பது. இரண்டும் ஒரே காலில் இருக்கவும் கூடும்.

1800இல் வோல்ற்றா தம் மின்கல அடுக்கை அறிவித்த பின்னரே தொடர்ச்சியான நேரோட்டம் மருத்துவர்களின் கைக்கு வந்தது. தவளைக் கால்களில் ஆய்வு செய்த கல்வானியின் பெயரால் இதனைக் கல்வானிக் மின்னோட்டம் என்றும் அழைப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டெஃபான் லெடூக் இரண்டு முயல்களை ஒரே மின்சுற்றில் இணைத்தார். ஒன்றின் நேர்மின்வாயில் ஸ்றிக்னைன், மற்றதன் எதிர்மின்வாயில் சயனைட்டு. இரண்டும் இறந்தன. முனைகளை மாற்றி இணைத்தபோது முயல்களுக்கு எதுவும் ஆகவில்லை. கொடூரமான பரிசோதனைதான். ஆனால் நேரேற்ற அயனை நேர்மின்வாயும் எதிரேற்ற அயனை எதிர்மின்வாயும் உடலுக்குள் தள்ளும் என்ற விதி அதிலிருந்து ஐயமின்றித் தெளிவானது. இன்றும் லிடோகெயின் நேர்மின்வாயின் கீழும், டெக்சாமெதசோன் பொஸ்பேற்று எதிர்மின்வாயின் கீழும் வைக்கப்படுவது இதனால்தான். கம்பியை மாற்றிக் கொழுவினால் மருந்து உள்ளே போகாது.

மின்னோட்டம் பாயும்போது தோலிலுள்ள உப்புநீர் மின்பகுப்புக்கு உள்ளாகிறது. எதிர்மின்வாயின் கீழ் காரமும் நேர்மின்வாயின் கீழ் அமிலமும் உருவாகின்றன. காரம் தோலை இளக்கி ஆழமாக அரிப்பதால் எதிர்மின்வாய்ப் புண்ணே கூடுதல் கடுமையானது. ஆகவே எதிர்மின்வாயின் கீழ் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மில்லியம்பியரையும், நேர்மின்வாயின் கீழ் 1 மில்லியம்பியரையும் தாண்டக்கூடாது என்பது வழமையான வரையறை. 10 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள எதிர்மின்வாயில் 4 மில்லியம்பியர் செலுத்தினால் அடர்த்தி 0.4. அதையே 10 நிமிடம் கொடுத்தால் மொத்த அளவு 40 மில்லியம்பியர்-நிமிடம். மருந்தேற்றலில் பரவலாகக் கையாளப்படும் அளவு இது.

கணக்குச் சரியாக இருந்தாலும் மின்வாய் முழுப் பரப்பிலும் ஒட்டாவிட்டால் பயனில்லை. மின்வாயின் அடியில் வைக்கும் ஈரத் திண்டின் ஓரம் கிளம்பினாலோ, சுருக்கம் விழுந்தாலோ, நீர் காய்ந்தாலோ எஞ்சிய சிறிய இடத்தில் முழு மின்னோட்டமும் குவியும். உலோகத் தகடு தோலைத் தொடவே கூடாது. தகட்டைவிடச் சுற்றிலும் பெரியதான, தடித்த பஞ்சுத் திண்டு அல்லது ஸ்பொஞ்சைச் சீராக நனைத்து இடையில் வைக்கவேண்டும். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசிய தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தொடங்குவது தவறு. எண்ணெய் படிந்த இடத்தில் தடை கூடி, படியாத இடத்தில் ஓட்டம் குவியும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றப்படவேண்டும். சிறு கீறலுக்கு மேல் வசலின் பூசலாம். திறந்த புண் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

கருவி பற்றரியில் இயங்குவதே நல்லது. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அதில் இயங்கும் கருவியாயின் நோயாளியின் சுற்று மின்வழங்கலிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்ட மருத்துவத் தரக் கருவியாக இருக்கவேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்த் திரும்பும்போது கருவி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா, விட்ட அளவிலேயே பாய்கிறதா என்பதை நோயாளியை இணைக்கும் முன்பே பரிசோதிக்கவேண்டும். போர்க்காலத்தில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில் சைக்கிள் டைனமோவால் வானொலி கேட்ட மண் இது. அந்தக் கைவண்ணம் இச்சிகிச்சைக்கு உதவாது. தோல் நனைய நனைய அதன் தடை குறையும். ஓட்டத்தை நிலையாக வைக்கும் சுற்று இல்லாத வீட்டுத் தயாரிப்பில் மின்னோட்டம் தானாகவே ஏறிவிடும்.

அளவுக்குமிழ் பூச்சியத்தில் இருக்கும்போதுதான் ஆளியைப் போடவேண்டும். ஓட்டத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்வாயை எடுப்பதும் முனையை மாற்றுவதும் திடீர் அதிர்ச்சியைத் தரும். இலேசான ஊசிக்குத்தலும் இளஞ்சூடும் இயல்பானவை. ஓரிடத்தில் மட்டும் எரிந்தால் உடனே அளவை இறக்கி, நிறுத்தி, தோலைப் பார்க்கவேண்டும். "கொஞ்சம் பொறுங்கோ" என்பது இச்சிகிச்சையில் சொல்லக்கூடாத சொல்.

எரிவை உணர முடியாதவருக்கு இந்தக் காவல் இல்லை. நரம்புக் காயம், நீரிழிவு, தொழுநோய் உள்ளவர்களின் தோலில் கூர், மழுங்கல் உணர்வைச் சோதிக்காமல் மின்வாயை வைக்கக்கூடாது. செல் துண்டு இருக்கும் இடம் இன்னும் சிக்கலானது. உலோகம் மின்னோட்டத்தைத் தன்பால் குவிக்கும் என்பதால் அப்பகுதி தவிர்க்கப்படுகிறது. இதயமுடுக்கி பொருத்தியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இச்சிகிச்சை கொடுக்கப்படுவதில்லை. புற்றுநோய்க் கட்டியின் மேலும் குருதி உறைந்த நாளத்தின் மேலும் மின்வாய் வைப்பதில்லை.

நரம்பறுந்த தசை, டென்ஸ் போன்ற கருவிகளின் மிகக் குறுகிய துடிப்புக்கு அசையாது. ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் நீளும் விட்டுவிட்டு வரும் நேரோட்டத்துக்கே சுருங்கும். ஆனால் அதனால் நரம்பு விரைவாக வளரும் என்று நம்பவைப்பது நேர்மையன்று. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளர்கிறது. மிகை வியர்வைச் சிகிச்சையில் சான்று இதைவிட உறுதியானது. 1968இல் பிரெட் லெவிற் எளிய கருவியொன்றை விவரித்த பின் அது பரவலாயிற்று. தட்டில் ஊற்றிய நீரில் கைகளை வைத்து 15 முதல் 20 மில்லியம்பியர் வரை செலுத்துவர். வன்னிக் கிணறுகளின் உப்புக் கூடிய நீர் மின்னை எளிதில் கடத்தும். ஆகவே குறைந்த அளவிலிருந்தே தொடங்கவேண்டும்.

தலையில் மின்வாய் வைக்கும் முறை 2000இல் ஜேர்மனியின் கோற்றிங்கனில் நிற்சே, போலஸ் ஆகியோரின் ஆய்வுடன் புத்துயிர் பெற்றது. உளச்சிதைவு நோயாளிகளுக்குக் கேட்கும் மாயக்குரல்களுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதனை ஆராய்ந்துள்ளது. இம்முறை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் செய்யத்தக்கதன்று.

மின்வாயின் கீழ் புண் ஏற்பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவவேண்டும். காரத்துக்கு எலுமிச்சம்புளி, அமிலத்துக்குச் சோடா என்று மாற்று மருந்து தேடக்கூடாது. கனகராயன்குளத்திலிருந்து மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கோ வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ இயன்மருத்துவத்துக்குச் செல்பவர்கள் கிளினிக் கொப்பியோடு பழைய எக்ஸ்றே படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இருப்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.