டேவிஸின் விலையில் யாருக்குப் பங்கு?

2018 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கால்பந்து கிளப், கனடாவின் வான்கூவர் வைட்கேப்ஸ் அணியிலிருந்து 17 வயது அல்போன்சோ டேவிஸைப் பெறுவதாக அறிவித்தது. இடமாற்றத் தொகை 1.35 கோடி அமெரிக்க டாலர். ஆட்டங்களின் எண்ணிக்கை, வெற்றிகள் போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் அது 2.2 கோடி டாலர் வரை உயரலாம் என்று சொல்லப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் மேஜர் லீக் சாக்கரின் வரலாற்றில் அதுவரை எந்த வீரரும் இவ்வளவு தொகைக்கு வெளியே போனதில்லை. 2008-இல் ஜோஸி ஆல்டிடோர் ஸ்பெயினின் வில்லாரியாலுக்குச் சென்றபோது கிடைத்த 1 கோடி டாலரே முந்தைய உச்சம். டேவிஸின் சாதனையும் ஏறத்தாழ ஆறு மாதங்களே நின்றது. 2019 ஜனவரி இறுதியில் அட்லாண்டாவின் மிகேல் அல்மிரோன் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குச் சென்றபோது அது முறிந்தது.

ஆகவே, தொகையின் பெருமை பெரிதல்ல. அத்தொகை எப்படிப் பிரிக்கப்படுகிறது, யாரை அது கணக்கில் கொள்ளவில்லை என்பதே ஆராயத்தக்கது. உலகக் கால்பந்தின் இடமாற்ற விதிகள் நன்றாகச் செய்யும் ஒரு காரியமும் செய்யத் தவறும் ஒரு காரியமும் இந்த ஒரே நிகழ்வில் தெளிவாகத் தெரிகின்றன.

டேவிஸ் பிறந்தது கனடாவில் அல்ல. லைபீரியாவில் 1999-இல் மூண்ட இரண்டாம் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி ஓடிய அவருடைய பெற்றோர், கானாவின் தலைநகர் அக்ராவுக்கு மேற்கே இருந்த புடுபுராம் அகதி முகாமில் தங்கினர். 2000 நவம்பர் 2 அன்று அங்கே டேவிஸ் பிறந்தார். அவருக்கு 5 வயதானபோது குடும்பம் கனடாவில் குடியமர்த்தப்பட்டது. முதலில் ஒன்டாரியோ மாநிலத்தின் விண்ட்சர் நகரம், பிறகு ஆல்பர்ட்டாவின் எட்மன்டன். ஆண்டில் ஐந்து மாதம் பனி மூடிக்கிடக்கும் ஊர் அது. பனிச்சறுக்கு ஹாக்கிதான் அங்கே மதம் என்று சொன்னால் மிகையில்லை.

வட அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து பெரும்பாலும் கட்டணம் செலுத்துவோரின் விளையாட்டு. நல்ல கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவிட வேண்டியிருக்கும். சீருடை, பயணம், வெளியூர்ப் போட்டிகள் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். அகதியாக வந்து, மாற்று நேரப் பணிகளில் உழைத்த பெற்றோருக்கு அது எட்டாக் கனி. எட்மன்டனில் இதற்கென்றே 'ஃப்ரீ ஃபுட்டி' என்னும் திட்டம் நடந்துவந்தது. வசதியற்ற குடியிருப்புகளின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் இலவசமாக ஆட வாய்ப்பு, காலணி, உடை, மைதானத்துக்குச் சென்றுவர வாகனம் ஆகியவற்றை அது கொடுத்தது. டேவிஸ் அதில் ஆடிய சிறுவர்களுள் ஒருவர். பிறகு எட்மன்டன் ஸ்ட்ரைக்கர்ஸ் என்னும் உள்ளூர் கிளப், கால்பந்துப் பயிற்சிக்கெனத் தனிப் பிரிவு வைத்திருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளி என்று அவருடைய பாதை நீண்டது. 2015-இல், 14 வயதில், வீட்டைப் பிரிந்து வான்கூவர் வைட்கேப்ஸின் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் 15 வயதில் மேஜர் லீக் சாக்கரில் களமிறங்கினார். அந்த லீக்கில் அவரைவிடக் குறைந்த வயதில் ஆடியிருந்தவர் அதுவரை ஃப்ரெடி ஆடு ஒருவர்தான்.

2017 ஜூன் 6 அன்று அவருக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது. ஒரே வாரத்தில், ஜூன் 13 அன்று, குராசாவுக்கு எதிராகத் தேசிய அணிக்கு ஆடினார். அடுத்த மாதம் நடந்த கோல்டு கோப்பையில் மூன்று கோல்கள் அடித்தார். ஐரோப்பிய கிளப்புகளின் கண் அவர்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

ஆனால், 2018 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தும் டேவிஸ் உடனே மியூனிக் போகவில்லை, போகவும் முடியாது. 18 வயது நிறையாத வீரரை நாடு விட்டு நாடு பதிவு செய்வதை ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 19-ஆம் பிரிவு தடை செய்கிறது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக இடம்பெயர்ந்தால் விலக்கு உண்டு. எல்லையோரப் பகுதிகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது கடந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. டேவிஸ் இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. எனவே நவம்பர் 2 வரை 18 வயதுக்கும், அதன்பின் ஜனவரியில் ஜெர்மனியின் குளிர்காலப் பதிவுக் காலம் திறக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அவர் வான்கூவரிலேயே ஆடினார். அக்டோபர் இறுதியில் போர்ட்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் தம் அணியின் இரண்டு கோல்களையும் அவரே அடித்து, வென்று விடைபெற்றார்.

இந்த விதி 2001-இல் ஐரோப்பிய ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி வந்தது. அதற்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் சிறுவர்கள் தேர்வு ஆட்டம் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தேறாதவர்கள் ஆவணமின்றித் தெருவில் விடப்பட்ட கதைகள் ஏராளம். பெரிய கிளப்புகளுக்கு இந்த விதி இன்றும் உறுத்தல்தான். இதை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனாவுக்கும், 2016-இல் ரியால் மாட்ரிட், அத்லெட்டிகோ மாட்ரிட் அணிகளுக்கும், 2019-இல் செல்சீக்கும் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விதிக்கப்பட்டது. திறமை இருக்கும் பிள்ளையை ஏன் காத்திருக்க வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. டேவிஸின் கதை அவர்களுக்கு ஒரு பதில். காத்திருந்த அந்த ஐந்து மாதங்களில் அவர் இழந்தது எதுவுமில்லை; தாய்வீட்டு அணியில் முழுப் பருவம் ஆடி முதிர்ந்தே மியூனிக் சென்றார். போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளுக்கு இந்த விதியே தடையாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக மனிதாபிமான விலக்கும் பின்னர் சேர்க்கப்பட்டது. விதி இறுக்கமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் பணக் கணக்கில்தான். ஒரு வீரர் ஒரு நாட்டின் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்குத் தொகைக்கு மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காட்டை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்கிறது ஃபிஃபா. இதற்கு ஒற்றுமைப் பங்களிப்பு என்று பெயர். 12 வயது முதல் 15 வயது வரை பயிற்சியளித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 விழுக்காடு. 1.35 கோடி டாலருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 12 வயதில் ஓராண்டு பயிற்சி அளித்த கிளப்பின் பங்கு 33,750 டாலர். மியூனிக்குக்கு அது சில்லறை. ஒரு சிறிய உள்ளூர் கிளப்புக்கோ பல பிள்ளைகளின் ஆண்டுக் கட்டணத்தை ரத்து செய்யப் போதுமான பணம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு ஓட்டைகள். முதலாவது, கணக்கு 12 வயதில்தான் தொடங்குகிறது. இரண்டாவது, பணம் பதிவு பெற்ற கிளப்புகளுக்கே செல்லும். பள்ளிக்கோ, தொண்டர்கள் நடத்தும் இலவசத் திட்டத்துக்கோ செல்லாது. ஃப்ரீ ஃபுட்டி போன்ற அமைப்பு இந்த இரண்டு காரணங்களாலும் வெளியே நிற்கிறது. பிள்ளை முதன்முதலில் பந்தைத் தொட்ட இடம், கட்டணம் கேட்காத இடம், வாகனம் அனுப்பி அழைத்து வந்த இடம் விதியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவர்கள் பங்கு கேட்டு அதைச் செய்யவில்லை என்பது உண்மை. அதற்காக, ஏழைப் பிள்ளைகளைக் களத்துக்குக் கொண்டுவரும் வேலையை உலகின் மிகப் பணக்கார விளையாட்டு நன்கொடையாளர்களின் கருணைக்கே விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது.

வட அமெரிக்காவில் இன்னொரு விந்தையும் இருந்தது. பல ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் சட்டச் சிக்கலைக் காரணம் காட்டி இந்தப் பங்கீட்டு விதிகளைத் தன் எல்லைக்குள் நடைமுறைப்படுத்தவில்லை. மேஜர் லீக் சாக்கரும் தன் கிளப்புகளுக்காக அதைக் கோராமல் இருந்தது. இனிக் கோருவோம் என்று அந்த லீக் அறிவித்தது 2019 ஏப்ரலில்தான். வீரர்களின் ஒப்பந்தங்களைத் தனித்தனிக் கிளப்புகளுக்குப் பதில் லீக்கே வைத்திருக்கும் அமைப்பு அது. பணம் மேலே தேங்குவது அங்கே இயல்பாகவே இருந்தது.

பேயர்னுக்கு இந்த வாணிபத்தில் கிடைத்தது என்ன? 2019 ஜனவரி 27 அன்று ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக மாற்று வீரராக அறிமுகமான டேவிஸ், தொடக்கத்தில் இரண்டாம் அணியிலும் ஆடினார். வாங்கியது இடப்பக்க முன்கள வீரராக. ஆனால் 2019 இலையுதிர் காலத்தில் லூகாஸ் எர்னாண்டஸ், நிக்லாஸ் சூலே ஆகியோர் காயமடைய, டாவிட் அலாபா நடுத் தடுப்புக்கு நகர்த்தப்பட, காலியான இடப்புறத் தடுப்பு இடத்தில் பயிற்சியாளர் நிகோ கோவாச் இவரை நிறுத்தினார். அடுத்து வந்த ஹன்சி ஃப்ளிக் அதைத் தொடர்ந்தார். 2020 ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் பார்சிலோனாவை 8-2 என நொறுக்கிய ஆட்டத்தில், இடக்கோட்டோரம் நெல்சன் செமெதுவை ஏமாற்றி உள்ளே புகுந்து யோசுவா கிம்மிக்குக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்த அந்தக் கணத்தைக் கால்பந்து ரசிகர்கள் மறக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துப் பாரிஸ் அணியை 1-0 என வென்று பேயர்ன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. கனடாவின் ஆடவர் தேசிய அணி வீரர் ஒருவர் அக்கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. இங்கே ஒரு பழங்கணக்கும் உண்டு. எட்மன்டனுக்குத் தெற்கே, அதே ஆல்பர்ட்டாவின் கல்கரியில் பிறந்த ஓவன் ஹார்கிரீவ்ஸ் 1997-இல் 16 வயதில் இதே பேயர்னில் சேர்ந்து 2001-இல் இதே கோப்பையை வென்றார். ஆனால் அவர் ஆடத் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்துக்காக. அந்தக் காயம் கனடிய ரசிகர்களிடம் நெடுநாள் ஆறாமல் இருந்தது.

கனடாவுக்குக் கிடைத்ததையும் பார்க்க வேண்டும். 1986 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பிய நாடு அது. 1992-க்குப் பிறகு தனக்கென ஒரு முழுமையான தொழில்முறை லீக்கும் இல்லாமல் இருந்தது. கனடியன் பிரீமியர் லீக் தொடங்கியது 2019 ஏப்ரலில், டேவிஸ் போன பிறகு. 36 ஆண்டு கழித்து 2022-இல் மீண்டும் உலகக் கோப்பைக்கு வந்தபோது, பெல்ஜியத்துக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்ட டேவிஸே, நவம்பர் 27 அன்று குரோஷியாவுக்கு எதிராக இரண்டாம் நிமிடத்தில் தலையால் முட்டி நாட்டின் முதல் ஆடவர் உலகக் கோப்பை கோலை அடித்தார். அந்த ஆட்டத்தில் கனடா 4-1 எனத் தோற்றது வேறு கதை.

வீரர் வளர வளரப் பங்கீட்டு விதி இன்னும் மெலிகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் தொகையின்றி எங்கும் போகலாம் என்பது 1995-இன் போஸ்மன் தீர்ப்பு தந்த உரிமை. தொழிலாளியின் பார்வையில் அது நியாயமானது. ஆனால் தொகை இல்லையென்றால் 5 விழுக்காடும் இல்லை. டேவிஸின் ஒப்பந்தம் 2025-இல் முடியவிருந்தபோது அவர் ஸ்பெயினுக்குச் செல்லக்கூடும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அவரோ அவ்வாண்டு பிப்ரவரியில் 2030 வரை பேயர்னிலேயே நீடிக்கக் கையெழுத்திட்டார். அதே ஆண்டு கோடையில் கனடாவின் இன்னொரு பெரிய வீரர் ஜொனாதன் டேவிட், பிரான்சின் லீலிலிருந்து இத்தாலியின் யுவென்டஸுக்கு ஒப்பந்தம் முடிந்த வீரராகச் சென்றார். 2020-இல் பெல்ஜியத்தின் கென்ட்டிலிருந்து லீலுக்கு அவர் பெருந்தொகைக்கு மாறியபோது, அவர் வளர்ந்த ஒட்டாவாவின் கிளப்புகளுக்கு விதிப்படி பங்கு இருந்தது. யுவென்டஸுக்குப் போனபோது விதிப்படி எதுவும் இல்லை. தொகையாகப் போயிருக்க வேண்டிய பணம் வீரருக்கும் முகவருக்கும் கையெழுத்துப் பணமாகப் போகிறது.

2022 நவம்பரில் ஃபிஃபா பாரிஸில் ஒரு தீர்வகத்தைத் திறந்தது. ஒவ்வொரு வீரரும் 12 வயது முதல் எந்தெந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தார் என்பதை மின்னணுக் கடவுச்சீட்டாகத் தொகுத்து, பங்குகளைத் தானாகவே பிரித்தனுப்புவது அதன் வேலை. முன்பெல்லாம் சிறு கிளப்புகள் தமக்கு உரிமை இருப்பதையே அறியாமல் விட்டுவிடும். அந்தக் குறை இப்போது குறையும். அந்தக் கடவுச்சீட்டில் இன்னொரு வரியைச் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் கடினமான வேலையன்று. 12 வயதுக்கு முன் கட்டணமின்றிக் களம் கொடுத்த, தேசியச் சங்கம் அங்கீகரித்த திட்டங்களுக்கு 5 விழுக்காட்டிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். தனிப்பட்ட அமைப்புக்குத் தரத் தயங்கினால் அந்நகரத்தின் சிறுவர் நிதிக்குத் தரலாம். 2026 உலகக் கோப்பையின் 13 ஆட்டங்களை டொரன்டோவிலும் வான்கூவரிலும் நடத்தும் உரிமை பெற்ற கனடா, ஃபிஃபாவிடம் இதை முன்மொழியத் தகுதியான நாடு. அப்போட்டியைக் கேட்டு 2018 ஜூனில் மாஸ்கோவில் நடந்த ஃபிஃபா பேரவையில் பேசியவர்களுள் ஒருவராக அந்நாடு மேடையேற்றியது, எட்மன்டனில் இலவசக் காலணியுடன் ஆடத் தொடங்கிய இந்த டேவிஸைத்தான்.