முதுகில் கூடை, கையில் ஊசி: ஷெட்லாந்துப் பெண்களின் நேரக் கணக்கு

குளிர் நாடுகளில் செப்டம்பர் பிறந்தால் பரணில் கிடந்த பின்னல் ஊசிகள் கீழே இறங்கிவிடும். போன வருஷம் பாதியில் விட்ட ஸ்வெட்டர், யாருக்கோ தருவதாகச் சொன்ன சாக்ஸ், புதுசாக வாங்கி வைத்த நூல் என்று ஒரு பட்டியல் சேரும். ஆபீஸ், சமையல், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இதற்கு எங்கே நேரம் என்பதுதான் பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்களின் இன்றைய கவலை. 150 வருஷம் முன்னாடி ஒரு தீவுக்கூட்டத்தில் இதே கேள்வி வயிற்றுப்பாட்டுக் கேள்வியாக இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அந்த இடம் ஷெட்லாந்து. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கிட்டத்தட்ட 60 டிகிரி அட்சரேகையில் இருக்கும் தீவுகள். மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. காற்று ஓயாது. டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு குடும்பம் ஒரே தொழிலை வைத்துப் பிழைக்க முடியாது. கொஞ்சம் குத்தகை நிலம், ஒன்றிரண்டு மாடு, மேட்டு நிலத்தில் மேயும் ஆடுகள், கடலில் மீன். இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு வீடு.

ஆண்கள் மே முதல் ஆகஸ்ட் வரை ஆறு துடுப்புப் படகில் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போய்விடுவார்கள். மேற்கூரை இல்லாத திறந்த படகு. கரையிலிருந்து 30, 40 மைல் தாண்டியும் போவார்கள். இன்னும் பலர் கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்கோ, வணிகக் கப்பல் வேலைக்கோ போனார்கள். ஊரில் நிலம், மாடு, ஆடு, பிள்ளை, அடுப்பு எல்லாம் பெண்கள் தலையில். 1881 ஜூலையில் அடித்த ஒரு புயலில் 10 படகுகள் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். க்ளூப் விபத்து என்று இன்றைக்கும் அதை நினைவுகூருகிறார்கள். ஆண் திரும்பி வராத வீட்டில் மிச்சமிருந்த வருமானங்களில் முக்கியமானது பின்னல்.

சரி, இவ்வளவு வேலைக்கு நடுவே எப்போது பின்னினார்கள்? நடக்கும்போது!

அங்கே எரிபொருள் பீட் எனும் கரிமண். மே மாதம் வெட்டிக் காயவைத்து, வைக்கோலில் முடைந்த 'கிஷி' என்ற கூடையில் முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சுமையோடு நடக்கிற பெண்ணின் இரண்டு கையும் சும்மாதானே இருக்கும்? அந்தக் கைகள் பின்னிக்கொண்டே வரும். அந்தக் காலத்துத் தபால் அட்டைகளில் இந்தக் காட்சி நிறைய உண்டு: முதுகில் கூடை, கையில் ஊசி, பார்வை பாதையில்.

இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். இடுப்பில் கட்டும் தோல் பட்டை. அதில் குதிரை முடி அடைத்த சின்னத் தோல் மெத்தை. மெத்தை முழுக்க ஓட்டைகள். இரண்டு பக்கமும் கூரான நீள ஊசியின் ஒரு முனையை அந்த ஓட்டையில் செருகிவிட்டால் ஊசியின் பாரத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும். வலது கைக்கு நூலை ஓட்டுகிற வேலை மட்டும்தான். வேகம் கூடும், ஊசி ஆடாது, கண்ணும் தேவையில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சும்மா இருக்கிற பிராசசரில் பின்னணியில் ஒரு வேலையை ஓட விடுகிற மாதிரி. பட்டை ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லைதான். ஆனால் ஒரு நாளின் இடைவெளிகளையெல்லாம் உற்பத்தியாக மாற்றியது அதுதான்.

எல்லாப் பின்னலும் இப்படி ஓடாது. காலுறை, உள்சட்டை மாதிரி சாதாரண வேலையை எந்த இடத்திலும் நிறுத்தலாம், திரும்ப எடுக்கலாம். ஷெட்லாந்துக்குப் பேர் வாங்கித் தந்த லேஸ் சால்வை அப்படி இல்லை. குறிப்பாக வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு இதற்குப் பிரசித்தம். ஆட்டின் கழுத்துப் பக்கத்து மெல்லிய ரோமத்தை எடுத்து, முடி மாதிரி நூற்று, ஆறடிச் சதுரத்துக்குப் பின்னுவார்கள். முடித்த சால்வையை ஒரு கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம். இதற்கு எண்ணிக்கை தப்பக் கூடாது. கரிமண் தோண்டிச் சொரசொரத்த விரலில் அந்த நூல் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை கவனம் சிதறினால் வரிசை வரிசையாகப் பிரிக்க வேண்டியதுதான். உட்கார்ந்து, வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

இங்கேதான் இலையுதிர்காலம் வருகிறது. வருஷத்தின் வேலைகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஜூன், ஜூலையில் ஆட்டு ரோமம் தானாகத் தளரும். அதைக் கத்திரி போடாமல் கையாலேயே பறிப்பார்கள். ஆனால் அப்போது அதைத் தொட நேரம் இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் ஓட்ஸும் பார்லியும் அறுத்து, உருளைக்கிழங்கு தோண்டி, மாட்டைத் தொழுவத்துக்குள் கட்டிய பிறகுதான் ரோமம் வெளியே வரும். ராத்திரியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடிச் சிக்கெடுப்பார்கள். அப்புறம் ராட்டை, அப்புறம் ஊசி. வெளிச்சத்துக்கு மீன் எண்ணெய் ஊற்றிய இரும்பு விளக்கு. பகல் சுருங்கச் சுருங்க நிலத்து வேலை குறையும், கம்பளி வேலை கூடும்.

அறுவடைக்குப் பிறகு இன்னொரு விஷயமும் நடக்கும்: கணக்கு முடிப்பு. மீன்பிடித்த ஆணுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு. நிலத்துக்கு வாடகை, கடையில் ஏற்கெனவே வாங்கிய சாமான், தூண்டில் கயிறு எல்லாம் கழித்து மிச்சம் என்ன என்று பார்ப்பார்கள். பல வீடுகளில் மிச்சம் கடன்தான். ஆக, வருஷம் முழுக்க டீத்தூள், துணி, செருப்பு என்று வாங்க உதவியது பெண்ணின் பின்னல்.

வாங்க உதவியது என்று சொன்னேனே தவிர, கையில் காசு வந்தது என்று சொல்லவில்லை. லெர்விக் ஊர் வியாபாரிகள் சால்வைக்கும் காலுறைக்கும் காசு கொடுப்பது அபூர்வம். பதிலுக்குச் சாமான்: டீத்தூள், துணி, நூல். உடனே வேண்டாம் என்றால் 'லைன்' என்று ஒரு துண்டுச் சீட்டு. அதையும் அதே கடைச் சாமானாகத்தான் மாற்ற முடியும். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரக்' என்று பெயர். தொழிலாளிக்குக் கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும் என்று பிரிட்டனில் 1831லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் இருந்து பின்னுகிற பெண் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை.

1872 ஜனவரியில் வில்லியம் கத்ரி என்ற அதிகாரி இதை விசாரிக்க ஷெட்லாந்து வந்தார். பெண்களையும் வியாபாரிகளையும் உட்காரவைத்துக் கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாம் எண் போட்டு அச்சாகி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஏழைப் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசிய பதிவு இந்த அளவுக்குக் கிடைப்பது அரிது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சங்கதி என்னை நிறுத்தியது. பின்னலுக்குக் கிடைத்த டீத்தூளை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு நடந்து போய், அதைக் கொடுத்து மாவு வாங்கியிருக்கிறார்கள். சால்வை டீத்தூளாகி, டீத்தூள் மாவாகி, அதற்கப்புறம்தான் அடுப்பில் ஏறியிருக்கிறது. நிலம் உள்ள வீட்டுப் பெண் இதைச் சமாளித்துவிடலாம். சாப்பாடு வயலில் இருந்து வந்துவிடும். லெர்விக்கில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, பின்னலை மட்டும் நம்பிய பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. வீட்டு வாடகையை டீத்தூளாகக் கொடுக்க முடியுமா?

வியாபாரிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொன்னார்கள். வாங்கின விலைக்கே ஏறக்குறைய தெற்கே விற்கிறோம், லாபம் பதிலுக்குக் கொடுக்கும் சாமானில்தான் இருக்கிறது, காசு கொடுப்பதென்றால் விலையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம். கணக்குப்படி அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு அத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பின்னல் நடக்கும்போது செய்வது, அடுப்படியில் செய்வது, 'சும்மா இருக்கிற நேரத்தில்' செய்வது. சும்மா இருக்கிற நேரத்துக்கு என்ன விலை? அந்தப் பெண் தன் நாளை எவ்வளவு சாமர்த்தியமாக நிரவினாளோ, அவ்வளவுக்கு அவள் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. இடுப்புப் பட்டை அவளுக்கு நேரம் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த நேரம் இலவசம் என்ற எண்ணத்தையும் சேர்த்தே வளர்த்தது.

1887ல் ட்ரக் சட்டம் திருத்தப்பட்டது. யாரையும் வேலைக்கு வைக்காமல், குடும்பத்தாரோடு வீட்டிலேயே பொருள் செய்கிறவரும் இனித் தொழிலாளி. அதை வாங்குகிற வியாபாரி முதலாளி. 5 பவுண்டுக்குக் கீழே விலையுள்ள கம்பளி, பருத்தி, பட்டுப் பொருள்கள் இதில் அடங்கும் என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. ஷெட்லாந்துப் பின்னல்காரிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பிரிவு. ஆனாலும் நடைமுறை உடனே மாறவில்லை. 1920களில் வேல்ஸ் இளவரசர் ஃபேர் ஐல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடி, அந்த வண்ணப் பின்னலே உலக ஃபேஷனான காலத்திலும் தீவுகளில் பண்டமாற்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அங்கே வந்து இறங்கிய சிப்பாய்கள் நேரே வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது உண்மையில் ஒழிந்தது.

அந்தத் தபால் அட்டைகள் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். சுற்றுலாப் பயணிக்கு விற்ற படம் என்பதால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பார்க்கும்போது ஒரு கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்: கூடையில் இருக்கும் கரிமண் இந்தக் குளிர்காலத்துக்குச் சரி, கையில் இருக்கும் அந்தக் காலுறைக்கு என்ன கிடைத்தது?