மரச்சீனி அவித்த தண்ணியை நம்ம பாட்டிமார் ஏன் கொட்டினாங்க?

மக்களே, "டாக்டர், மரச்சீனி தின்னா சுகர் வரும், தைராய்டு வரும்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு, உண்மையா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கிழங்கோட வரலாறு தெரிஞ்சா பதில் இன்னும் நல்லா புரியும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

மற்ற மாவட்டத்துக்காரங்களுக்கு: மரச்சீனின்னா மரவள்ளிக் கிழங்கு. கேரளாவில் கப்பை.

பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் மூலமா நம்ம மேற்குக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை மக்களிடம் பரப்பினார். ஜனங்க பயப்படக்கூடாதுன்னு அவரே சாப்பிட்டுக் காட்டினார்னு ஒரு கதையும் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவிதாங்கூர்தானே. அதனால கிழங்கு இங்கேயும் வேரூன்றியது.

அது வயித்தைக் காப்பாத்தினது இரண்டாம் உலகப் போரில். திருவிதாங்கூர் பர்மா அரிசியை ரொம்ப நம்பியிருந்த நாடு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்னுபோச்சு. ஏழைக் குடும்பத்துல சோத்துக்குப் பதில் கிழங்கு வந்தது.

இப்போ இனயத்துக்கு வருவோம். குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில உள்ள கடற்கரை ஊர். 2016-ல் துறைமுகத் திட்டத்தால செய்தியில அடிபட்ட அதே இனயம்தான். கரையில மீன். கொஞ்சம் உள்ளே கருங்கல், புதுக்கடை பக்கம் போனா செம்மண்ணும் மரச்சீனியும். ஆனி, ஆடியில கடல் கொந்தளிச்சா மரம் இறங்காது, வருமானமும் இருக்காது. அதனால கோடையிலேயே சேமிச்சு வைக்கணும். கரையில கருவாடு, உள்ளே உணக்கின கிழங்கு.

கிழங்கு உணக்குறது ஒரு வீட்டுக்கே கிட்டத்தட்ட ஒரு வார வேலை. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது, உள்ளே நீலமா வரி ஓடிடும். அதனால பிடுங்கினதும் ஆம்பிளை, பொம்பளை, பிள்ளைங்க எல்லாரும் உட்கார்ந்து தோலுரிச்சு, துண்டு துண்டா அரிஞ்சு, பெரிய அண்டாவுல தண்ணி நிறைய விட்டு அரைவேக்காடு அவிப்பாங்க. தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு பாறையிலயோ பாயிலயோ பரத்துவாங்க. நாலஞ்சு நாள் நல்ல வெயில் வேணும். ராத்திரி பனி படாம வாரி மூடணும். நடுவுல ஒரு கோடை மழை வந்தா பூசணம்தான், மொத்தமும் போச்சு.

அந்த "தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு"ல தான் விஷயமே இருக்கு.

மரச்சீனியில லினமாரின்னு ஒரு பொருள் இருக்கு. அதைப் பிளக்கிற நொதி தனியா இன்னொரு இடத்துல இருக்கும். எலியோ பூச்சியோ கடிச்சா ரெண்டும் கலந்து சயனைடு வெளிய வரும். செடி தானே வச்சுக்கிட்ட பூச்சிமருந்து இது! கசப்பு ரகத்தை எலியும் பன்றியும் அவ்வளவா தொடாதுன்னுதான் பல நாட்டு விவசாயிகள் கசப்பு ரகத்தையே நடுறாங்க. நம்ம ஊர்ல நடுறது பெரும்பாலும் கசப்பு குறைஞ்ச ரகம், பெருச்சாளிக்குக் கொண்டாட்டம்.

ஆனா சாறு உறிஞ்சுற மாவுப்பூச்சிக்கு இந்த விஷம் ஒரு பொருட்டே இல்லை. 1970-களில் ஆப்பிரிக்காவையே ஆட்டிப்படைச்ச அந்தப் பூச்சி 2020-ல் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதுக்கு மருந்தும் இன்னொரு பூச்சிதான், அனாகைரஸ் லோபெசின்னு ஒரு குட்டிக் குளவி. பெனின் நாட்டில இருந்து வரவழைச்சு 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டாங்க.

சரி, அந்த சயனைடு மனுஷனை என்ன செய்யும்? 1981-ல் மொசாம்பிக் நாட்டில கடும் வறட்சி. வறட்சியில கிழங்குல விஷம் கூடும். பசியில இருந்தவங்களுக்கு அதை முறையா பக்குவப்படுத்த நேரமில்லை. கூட தின்ன மீனோ பயறோ இல்லை. திடீர்னு ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு ரெண்டு காலும் விறைச்சு நடக்க முடியாம போச்சு. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கான்சோன்னு பேர், வந்தா திரும்பக் குணமாகாது. மருத்துவம் படிக்கிறப்போ ஒரு வரியா கடந்துபோன நோய் அது.

அதே கிழங்கை வருஷக்கணக்கா தின்ன நம்ம கடற்கரையில ஏன் அப்படி வரலை? கசப்பு குறைஞ்ச ரகம் ஒரு காரணம். சின்னத் துண்டா அரிஞ்சு நிறைய தண்ணியில அவிச்சா லினமாரின்ல பெரும்பகுதி தண்ணிக்குள்ள இறங்கிடும், அதைக் கொட்டிடுறோம். மிச்சத்தை உடம்பு தயோசயனேட்டா மாத்தி மூத்திரத்துல அனுப்பும். அதுக்குக் கந்தகம் வேணும், அது புரதத்துல இருந்துதான் கிடைக்கும். நம்ம தட்டுல கிழங்கு பக்கத்துலயே சாளையோ நெத்திலியோ இருந்துச்சே! அந்தத் தயோசயனேட் தைராய்டுக்குப் போற அயோடினைத் தடுக்கும். காங்கோவின் உள்நாட்டுப் பகுதிகள்ல கழுத்துக் கழலை வந்தது இப்படித்தான். கடல் மீன் அயோடினையும் கொண்டு வந்துடுது.

சுகர் விஷயம்: கணையத்துல கல் வந்து உண்டாகிற ஒருவகைச் சர்க்கரை நோய் கேரளாவில் நிறைய இருந்ததால, கிழங்கு சயனைடுதான் காரணமா இருக்கும்னு 1979-ல் மெக்மில்லன், கீவர்கீஸ் ரெண்டு பேரும் எழுதினாங்க. நியாயமான சந்தேகம்தான். ஆனா கிழங்கே தின்னாத ஊர்லயும் அந்த நோய் இருந்தது, பிறகு மரபணுக் காரணமும் தெரிய வந்தது. வாட்ஸ்அப்ல சுத்துறது அந்தப் பழைய சந்தேகத்தோட மிச்சம். அதுக்காக சுகர் உள்ளவங்க ஒரு சட்டி கிழங்கு தின்னலாம்னு அர்த்தமில்லை, அது முழுக்க மாவுச்சத்து. நாலு துண்டு, கூட மீன் தாராளமா.

இப்போ நான் கவலைப்படுறது குக்கரைப் பத்தி. அவசரத்துக்குப் பெரிய துண்டா போட்டு, கொஞ்சமா தண்ணி விட்டு, மூணு விசில் விட்டு, அந்தத் தண்ணியோடவே மயக்கிடுறாங்க. அப்படிச் செய்யாதீங்க. சின்னதா அரிஞ்சு, திறந்த பாத்திரத்துல தண்ணி நிறைய விட்டு அவிச்சு, வடிச்சுக் கொட்டுங்க. கசக்கிற கிழங்கை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், தூக்கிப் போடுங்க. பச்சைத் தோலையும் இலையையும் ஆட்டுக்குப் போடாதீங்க, செத்துப்போகும்.