ஹந்தானை இஸ்டோர்

பிழைப்புக்காக மேலூரிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கண்டிச் சீமைக்குப் போனவர் என் அப்பத்தா. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் மதுரைக்கே திரும்பியவர், தேயிலை ஆலையைக் கடைசிவரை ‘இஸ்டோர்’ என்றுதான் சொன்னார்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய இஸ்டோர் ஒன்று, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. போய்ப் பார்த்தேன். மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள். கொழுந்தை மேலே தட்டுகளில் பரப்பி வாட்டி, கீழே உருட்டு இயந்திரத்தில் கொட்டுவார்கள். கொழுந்தை வாட்டும் காற்றுக்காகத்தான் இத்தனை ஜன்னல். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களும் உண்டு.

என் கண் தேடியதோ கொழுந்துக் கூடையை. அதன் கயிறு அழுத்தி அழுத்தி, அப்பத்தாவின் உச்சியில் விரலகலத்துக்கு முடியே முளைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அந்தப் பள்ளத்தில் வழுக்கும்.