சமையலறை மேசையில் பிறந்த பலூன்



"ஸ்டென்ட் வைக்கச் சொல்றாங்க சார், வைக்கலாமா?" என்று அடிக்கடி யாராவது என்னைக் கேட்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

1970களில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மெல்லிய குழாயின் முனையில் பலூன் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயதுக்காரர் ஒருவரின் இதய ரத்தக்குழாய் அடைப்பை, நெஞ்சைத் திறக்காமலே அந்தப் பலூனால் விரித்துவிட்டார். விரித்த குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க உள்ளே உலோக வலை வைக்கலாம் என்று யோசித்தவர்களில் ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பால்மாஸ். அவருக்கு 2,50,000 டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர் பில் ரொமானோ என்ற உணவக முதலாளி! பிறகு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் உரிமம் வாங்கியது. 1994இல் அமெரிக்காவில் இதயத்தில் வைக்க அனுமதி கிடைத்தது. மருத்துவரும் வியாபாரியும் கைகோக்காவிட்டால் ஸ்டென்ட்டே வந்திருக்காது. அதை நாம் மறுக்கக் கூடாது.

ஆனால் 2008 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். பால்டிமோர் பகுதியில் ஒரு மருத்துவர் ஒரே நாளில் அபாட் நிறுவனத்தின் 30 ஸ்டென்ட்களைப் பொருத்தினார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டில் விருந்து. முழுப் பன்றி வாட்டியது உட்பட 2,159 டாலர் செலவு, நிறுவனத்துடையது. பிற்பாடு மருத்துவமனை 585 நோயாளிகளுக்குக் கடிதம் எழுதியது: உங்களுக்கு வைத்த ஸ்டென்ட் தேவையில்லாததாக இருக்கலாம். மருத்துவர் குற்றத்தை மறுத்தார். 2011இல் அவரது உரிமம் ரத்தானது. விருந்துக் கணக்கு வெளியே வந்ததே செனட் குழு துருவியதால்தான். மேசையில் படுத்திருந்த நோயாளிக்கு அது எப்படித் தெரியும்?

செனட் விசாரித்த அதே 2010இல்தான் 'சன்ஷைன்' சட்டமும் நிறைவேறியது. மருத்துவர்களுக்குக் கொடுப்பதை நிறுவனங்கள் அரசிடம் சொல்லியாக வேண்டும். 2014 செப்டம்பர் 30 முதல் அந்தப் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் வந்தது.

என் மாணவர்களில் மருத்துவர்களும் உண்டு, கோபிக்காதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தாலே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் வாங்கிய பணமும் அதில் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் 'ஓபன் பேமென்ட்ஸ்' தளத்தில் தங்கள் மருத்துவர் பெயரைத் தட்டிப் பாருங்கள். காசு எதற்கு, எந்த நிறுவனம் என்று இரண்டும் தெரியும்.